வீகன் தட்டும் கோஷர் அடுப்பும்: இரண்டையும் ஒரே சமையலறையில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில், மரபு வழுவாத ஒரு யூதக் குடும்பத்தின் சமையலறையில் நான் சில ஆண்டுகளாகச் சமைத்து வருகிறேன். அவ்வீட்டின் மூத்த மகள் இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் அனைத்தையும் விட்டு வீகனாக மாறியபோது, அவளுடைய தட்டை ‘கோஷர்’ எனப்படும் யூத உணவு நெறிகளோடு பொருத்தும் வேலை என் கைக்கு வந்தது. பிறகு இதே முயற்சியில் இறங்கிய வேறு சில வீட்டாருக்கும் உதவினேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறினார்கள். இறைச்சியை விடுவதில் எவரும் தடுமாறவில்லை. லேபிளிலும், கீரையிலும், வெள்ளிக்கிழமை நேரக் கணக்கிலும், புளிப்பில்லா அப்பத் திருநாளான பஸ்கா வாரத்திலும்தான் தடுமாறினார்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது. முதல் இரண்டையும் தாண்டிக் கடைக்குப் போனவர்கள், வாங்கியவற்றில் பாதியைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. தொடங்குமுன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

முதலாவது, அந்த வீட்டின் வழக்கம் அஷ்கெனாசியா, செபார்டியா என்பது. கிழக்கு, மத்திய ஐரோப்பிய வழியினர் பெரும்பாலும் அஷ்கெனாசி. ஸ்பெயின் வழிவந்தோரும், அவ்வழக்கைத் தழுவிய வட ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு யூதர்களும் செபார்டி. அடுப்பை யார் பற்றவைக்கலாம் என்பதிலிருந்து பஸ்காவில் அரிசி உண்ணலாமா என்பது வரை விடைகள் இதைப் பொறுத்தே மாறும்.

இரண்டாவது, அவ்வீட்டார் ஐயம் வந்தால் எந்த ரப்பியிடம் (யூத மதகுருவிடம்) கேட்பார்கள் என்பது. இணையத்தில் நான்கு ரப்பிகளின் விடைகளைப் படித்து எளிதானதைத் தேர்ந்துகொள்வது இம்மரபில் செல்லாது. ஒருவரிடம் கேட்டால் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும்.

மூன்றாவது, வீகனாக இருப்பவரின் சொந்த எல்லை. தேன் வேண்டாமா? முட்டையின் வெள்ளைக்கரு கொண்டு தெளியவைத்த ஒயின் வேண்டாமா? கம்பளி எண்ணெயிலிருந்து எடுக்கும் வைட்டமின் டி3 வேண்டாமா? இவற்றைச் சமையல் நாளன்று கேட்டால் சண்டைதான் வரும்.

2. கட்டளை எது, வழக்கம் எது என்று பிரியுங்கள்

மாற்றக்கூடியதையும் மாற்றக் கூடாததையும் பிரித்தால்தான் மாற்று உணவைப் பற்றி யோசிக்கவே முடியும். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்கு ரொட்டி இரண்டு வேண்டும், பஸ்கா இரவில் மட்சா எனப்படும் புளிப்பில்லா அப்பம் வேண்டும் என்பவை கடமைகள். ஓய்வுநாளுக்கு மீன், ஷாவுவோத் திருநாளுக்குப் பால் பண்டம், யூதப் புத்தாண்டுக்குத் தேன் என்பவை பழமையான, அன்போடு காக்கப்படும் வழக்கங்கள், ஆனாலும் வழக்கங்களே.

திருநாள் இறைச்சி மட்டும் இடைநிலையில் நிற்கிறது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் மகிழ்ச்சி இறைச்சியால் வந்தது என்றும், ஆலயம் இல்லாதபோது மகிழ்ச்சி திராட்சரசத்தால் வருகிறது என்றும் யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தின் பெசாகிம் பகுதி (109அ) கூறுகிறது. இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிடஸோ திருநாள் மகிழ்ச்சிக்கு இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். ஆகவே ரப்பியிடம், ‘இறைச்சி கட்டாயமா?’ என்று கேட்பதைவிட, ‘இறைச்சி எனக்கு மகிழ்ச்சி தராதபோது நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்பதே சரியான கேள்வி. அத்தகையவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதே பரவலான விடை.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆதியாகமம் 1:29 மனிதனுக்குச் செடிகொடிகளை உணவாகத் தருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, யூத வேதமான தோரா இறைச்சியைத் தடுக்கிறது என்று விருந்து மேசையில் வாதிடுவார்கள். ஊழிவெள்ளத்துக்குப் பின் 9:3 இறைச்சியை அனுமதிக்கிறது என்பதை அந்த மேசையில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நான் உண்ணவில்லை என்று சொல்ல அனுமதி கேட்கத் தேவையில்லை; நீங்களும் உண்ணக் கூடாது என்று சொல்லத்தான் ஆதாரம் வேண்டும், அது கிடைக்காது.

3. லேபிளை இரண்டு முறை படியுங்கள்

இறைச்சியையும் பாலையும் கலக்கக் கூடாது என்பதால், கோஷர் உணவில் இறைச்சி வகை, பால் வகை, இரண்டிலும் சேராத ‘பரேவ்’ வகை என மூன்று பிரிவுகள் உள்ளன. பரேவ் என்றால் வீகன் என்று எண்ணுவதே இத்துறையின் முதல் பிழை. முட்டை பரேவ், மீன் பரேவ், தேனும் பரேவ். இந்த வீட்டில் முதல் மாதம் நான் வாங்கிவந்த பரேவ் பிஸ்கட்டில் முட்டை இருந்தது. பொட்டலத்தின் முன்பக்க முத்திரையை மட்டும் பார்த்ததன் பலன். கோஷர் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் மீன் ஜெலட்டின் இருக்கும். மிட்டாய்களின் பளபளப்புக்குப் பூசும் ஷெல்லாக் பூச்சியிலிருந்து வரும் பிசின். பல கோஷர் அமைப்புகள் அதை ஏற்கின்றன, வீகன் ஏற்பதில்லை.

மறுதிசையிலும் இதே கதைதான். வீகன் முத்திரை உள்ள சாலட் குழம்பில் ஒயின் வினிகர் இருக்கலாம். திராட்சையிலிருந்து வரும் ஒயின், வினிகர், சாறு எல்லாவற்றுக்கும் கோஷர் மேற்பார்வை வேண்டும். மேற்பார்வை இல்லாத வீகன் உணவகத்தில் பூச்சி பார்க்காத கீரையும், கோஷர் அல்லாத வினிகரும் இருக்கும். ‘இறைச்சியே இல்லாத கடையில் என்ன தவறு வந்துவிடப் போகிறது’ என்பது இங்கே எடுபடாது.

ஆகவே முன்பக்கத்தில் கோஷர் முத்திரையையும், பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியலையும் பாருங்கள். பால் வகை என்று குறித்த பண்டத்தை உடனே ஒதுக்கவும் வேண்டாம், அமெரிக்காவின் ஓ.யு. அமைப்பு, பால் பண்டம் செய்த கருவியிலேயே செய்யப்பட்டு, உட்பொருளில் பால் இல்லாதவற்றுக்கும் பெரும்பாலும் அதே குறியை இடுகிறது. பிரிட்டனில் முத்திரையே இல்லாத பல பண்டங்கள் லண்டன் பெத் தின் அமைப்பின் ஏற்புப் பட்டியலில் இருப்பதால், அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது பொழுதை மிச்சப்படுத்தும்.

4. பாத்திரமும் அடுப்பும்

வீடு முழுவதும் வீகன் என்றால் இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என இரட்டைப் பாத்திரங்களே தேவையில்லை. ஒருவர் மட்டும் வீகன் என்றால் மூன்றாவதாக ஒரு பரேவ் தொகுதி வாங்குங்கள்: ஒரு குண்டான், ஒரு வாணலி, வெட்டுப்பலகை, மிக்ஸி ஜார், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிக் கத்தி. காரமும் நெடியும் மிக்க வெங்காயம், பூண்டு, முள்ளங்கி போன்றவை வெட்டும் கத்தியின் தன்மையை ஏற்கும் என்பது விதி. இறைச்சிக் கத்தியால் நறுக்கிய வெங்காயத்தைக் கொண்டு செய்த பருப்பு, சட்டப்படி இறைச்சி வகையின் பக்கம் சாய்ந்துவிடும்.

சமைப்பவர் என்னைப்போல யூதர் அல்லாதவர் என்றால் இன்னொன்றும் உண்டு. பச்சையாக உண்ண முடியாததும் விருந்துக்கு உரியதுமான உணவை யூதர் அல்லாதார் மட்டுமே சமைத்தால் அது ஏற்கப்படாது. அஷ்கெனாசி வழக்கில் வீட்டார் ஒருவர் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். செபார்டி வழக்கில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் அவராக இருக்க வேண்டும். காலையில் வெங்காயம் நறுக்கி, எண்ணெய் ஊற்றிவிட்டு, மாடியில் இருப்பவரைக் கூப்பிட்டுத் தீ மூட்டச் சொல்லிக் காத்திருப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது. ஒயினில் ‘மெவுஷால்’ என்று அச்சிட்ட, அதாவது சூடேற்றியதால் யூதர் அல்லாதார் கைபட்டாலும் ஏற்கப்படும் புட்டியைத் தவிர வேறெதையும் நான் ஊற்றுவதில்லை.

5. கீரையும் பூச்சியும்

உண்மையில் கடினமான படி இதுவே. லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் ஊரும் சிற்றுயிர்களைத் தடுக்கிறது. தவறி விழுந்த ஒரு சொட்டுப் பால் அறுபது மடங்கு இறைச்சிக் குழம்பில் கரைந்துபோனதாகக் கொள்ளப்படும். ஆனால் முழுப் பூச்சி ஒன்று ஆயிரம் மடங்கிலும் கரையாது. இறைச்சி உண்பவருக்கு வாரம் இரண்டு முறை வரும் இந்த வேலை, வீகனுக்கு மூன்று வேளையும் வரும்.

கண்ணுக்குத் தெரியும் பூச்சிதான் கணக்கு; உருப்பெருக்கி தேவையில்லை. லெட்யூஸ், கொத்தமல்லி, பசலை ஆகியவற்றின் இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்புத் துளி கலந்த நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். சோப்பு பூச்சியின் பிடியைத் தளர்த்தும். பிறகு வேகமாக ஓடும் குழாய் நீரில் இருபுறமும் கழுவி, விளக்கொளிக்கு எதிரே பிடித்து ஒவ்வோர் இலையாகப் பாருங்கள். இலைப்பேன் நரம்பின் நிறத்திலேயே, ஒரு கமா அளவில், நரம்போடு ஒட்டிக் கிடக்கும்; நகர்ந்தால்தான் தெரியும். முதல் நாள் ஒரு கட்டு லெட்யூஸுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

ப்ராக்கோலி, காலிஃபிளவர் பூக்களில் பார்ப்பது இன்னும் கடினம். ராஸ்பெரியை நான் வாங்குவதே இல்லை. ஸ்ட்ராபெரியின் காம்புப் பகுதியைச் சற்று ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு ஊறவைக்க வேண்டும். அரிசி, பருப்பு, கொண்டைக்கடலையை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பதில் நம்மவர்களுக்குச் சிரமமே இருக்காது. முறத்தில் கல் பொறுக்கிய கை அது. அரைத்துவிட்டால் தெரியாது என்று பார்க்காத கீரையை மிக்ஸியில் போடுவது பொதுவான பிழை. தடையுள்ள ஒன்றை வேண்டுமென்றே கலந்து மறைப்பதை இந்நெறி ஏற்பதில்லை.

இஸ்ரேலிலிருந்து வரும் பேரீச்சை, அவகாடோ போன்றவற்றுக்குப் பூச்சி தவிர வேறு விதிகளும் உண்டு: பத்திலொரு பங்கு பிரித்தல், மரத்தின் முதல் மூன்றாண்டுக் கனியை விலக்குதல், ஏழாம் ஆண்டு விளைச்சல் பற்றிய நெறிகள். கோஷர் கடையில் வாங்கினால் இவற்றைக் கடையே பார்த்திருக்கும்.

6. ஓய்வுநாள்: வேலை வியாழனில் தொடங்குகிறது

வெள்ளி மாலை விளக்கேற்றியது முதல் சனி இரவு வரை சமைக்கக் கூடாது. டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை 3.50 அளவில் சூரியன் மறைகிறது. அதற்கு 18 நிமிடம் முன்பே விளக்கேற்றுவது பரவலான வழக்கு. வெள்ளியன்று பகலுணவுக்குப் பின் தொடங்கலாம் என்று எண்ணியவர்கள் வெறும் ரொட்டியும் ஊறுகாயும் உண்டதுண்டு.

ஓய்வுநாள் ரொட்டியான கல்லாவில் வழக்கமாக முட்டை சேரும். ஆனால் முட்டையில்லா நீர்க் கல்லாவும் மரபில் உள்ளதே. ஒரு கிலோ மைதா, 10 கிராம் உடனடி ஈஸ்ட், 20 கிராம் உப்பு, 80 கிராம் சர்க்கரை, 100 மி.லி. எண்ணெய், சுமார் 520 மி.லி. நீர். பத்து நிமிடம் பிசைந்து, ஒன்றரை மணி நேரம் பொங்கவிட்டு, சடை பின்னி, மீண்டும் 40 நிமிடம் விட்டு, 180 டிகிரியில் அரை மணி நேரம் சுட வேண்டும். மேலே பூசச் சோயா பாலில் சிறிது சர்க்கரை போதும். மாவு 1.2 கிலோவைத் தாண்டினால் ஒரு சிறு உருண்டையைப் பிரித்து எரிக்கும் கடமை வரும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. அதை வீட்டார் செய்வார்கள்.

முட்டைக்கு மாற்றாக ஆப்பிள் கூழும் பேரீச்சைப் பாகும் தாராளமாகச் சேர்ப்பது இணையச் செய்முறைகளில் காணும் பிழை. மாவில் இனிப்பு மேலோங்கினால் செபார்டி வழக்கில் அது ரொட்டி அன்று, கேக். அதற்கு ரொட்டியின் ஆசிமொழியைச் சொல்ல முடியாது. விருந்தின் தொடக்கமே குலைந்துவிடும்.

சனிப் பகலுக்கு இரவெல்லாம் கொதிகொண்டிருக்கும் சோலன்ட் குழம்பு. வியாழன் இரவே 250 கிராம் ராஜ்மாவும் வெள்ளை பீன்ஸும் ஊறவையுங்கள். மறுநாள் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் பீன்ஸை அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். ராஜ்மாவில் உள்ள ஒரு நச்சுப் பொருள் ஸ்லோ குக்கரின் மென்சூட்டில் அழியாது. நேரடியாகப் போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உறுதி. பிறகு 150 கிராம் பார்லி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு, நன்கு சிவக்க வதக்கிய வெங்காயம், முழுப் பூண்டு, காளான், புகையூட்டிய மிளகாய்த்தூள், இரண்டே கால் லிட்டர் நீர். இறைச்சி தரும் அடர்த்தியை வதக்கிய வெங்காயமும் காளானும்தான் தர வேண்டும் என்பதால் அங்கே அவசரப்படாதீர்கள். நீரைக் குறைக்கவும் வேண்டாம். பார்லி இரவெல்லாம் குடிக்கும், ஓய்வுநாளில் தண்ணீர் ஊற்ற முடியாது. விளக்கேற்றுமுன் உணவு உண்ணும் பதத்துக்கு வந்திருக்க வேண்டும். குக்கரின் திருகை மூடிவைக்க வேண்டுமா என்பதை வீட்டாரிடம் கேளுங்கள்.

மீன் இல்லாத மேசை குறைபட்டது என்று வருந்துபவர்களுக்கு ஒரு செய்தி: ஓய்வுநாளை எதனால் இனிமையாக்குவது என்ற கேள்விக்கு தால்முத் (ஷப்பாத் 118ஆ) பெரிய மீனையும் பூண்டையும் சொல்லுமுன் முதலில் சொல்வது பீட்ரூட் கீரைச் சமையலைத்தான். கீரையை வெள்ளி மதியத்துக்குள் பார்த்து முடியுங்கள். பொறுக்கிப் பிரிப்பதும், அவகாடோவைக் கூழாக மசிப்பதும் ஓய்வுநாளில் சிக்கலான செயல்கள்.

7. பஸ்கா: அலமாரியே மாறும் வாரம்

இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள். கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்தும் புளிப்பேறும் தானியங்கள். பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டெடுத்த மட்சாவைத் தவிர இவற்றால் ஆன எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. வீகன் அலமாரியில் இவை எதிர்பாராத இடங்களில் இருக்கும்: ஓட்ஸ் பால், கோதுமைப் பசையத்தாலான செய்தான், கோதுமை கலந்த சோயா சாஸ்.

அஷ்கெனாசி வீட்டில் இதற்கு மேல் ‘கிட்னியோத்’ தடை வரும்: அரிசி, பருப்பு, பயறு, சோயா, மக்காச்சோளம், எள், கடுகு. அமெரிக்காவின் ‘கன்சர்வேடிவ்’ யூதப் பிரிவின் சட்டக்குழு 2015-இல் இவற்றை அனுமதித்தது. மரபு வழுவாத அஷ்கெனாசி வீடுகள் அதை ஏற்கவில்லை. டோஃபு, எள் விழுதான தஹினி, முட்டைக்கு மாற்றாக அடிக்கும் கொண்டைக்கடலை நீர் எல்லாம் போயிற்று. நம் தாளிப்பை எண்ணிப் பாருங்கள்: கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம். முதல் இரண்டும் கிட்னியோத். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதால் அது செபார்டி வீட்டிலும் ஆகாது. செபார்டிகளில் பலர் அரிசியை மூன்று முறை பார்த்துவிட்டு உண்பார்கள், எல்லாரும் அல்லர்.

எஞ்சுவது உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், பூசணி, காளான், பாதாம், அக்ரூட், தேங்காய், பழங்கள். பஸ்கா முத்திரை உள்ள கீன்வாவைப் பலர் ஏற்பார்கள். கடைப் பாதாம் பாலில் சேர்மானங்கள் இருக்கும் என்பதால் ஊறவைத்த பாதாமை வீட்டிலேயே அரைத்து வடிகட்டுவது மேல்.

பஸ்கா இரவின் சடங்கு விருந்தான செடரின் தட்டில் சிக்கல் இரண்டே: வாட்டிய எலும்பு, வாட்டிய முட்டை. இவை பலிகளை நினைவூட்ட வைக்கப்படுபவை. எலும்பு அங்கே பார்ப்பதற்கு, தின்பதற்கன்று. இவ்விரண்டும் எவையாக இருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் (பெசாகிம் 114ஆ) ரப்பி ஹூனா சொன்ன விடை, ‘பீட்ரூட்டும் அரிசியும்’. ஆகவே தோலோடு சுட்ட பீட்ரூட்டை எலும்பின் இடத்தில் வைக்கத் தயங்க வேண்டாம். முட்டையின் இடத்தில் இந்த வீட்டில் சுட்ட சிறு உருளைக்கிழங்கை வைக்கிறோம். மட்சா என்பது மாவும் நீரும் மட்டுமே. ‘முட்டை மட்சா’ என்ற பெட்டியை எடுத்துவிடாதீர்கள், அது வீகனும் அன்று, செடர் கடமைக்கும் ஆகாது. செடரில் பருகும் நான்கு கோப்பைக்கான ஒயின் வீகனா என்று முன்பே பாருங்கள். செடரில் உண்ணும் கசப்புக் கீரைக்கு ரோமெய்ன் லெட்யூஸ் என்றால் ஐந்தாம் படியை முதல்நாள் பகலிலேயே முடியுங்கள்.

சூப்பில் போடும் மட்சா உருண்டை முட்டையில்லாமல் கரைந்துபோகும். மட்சா மாவோடு மசித்த உருளைக்கிழங்கும் உருளைக்கிழங்கு மாச்சத்தும் சேர்த்து, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து உருட்டி, கொழுக்கட்டைபோல ஆவியில் வேகவைத்துப் பரிமாறும்போது சூப்பில் போட்டால் நிற்கும். மட்சாவை நனைத்து உண்ணாத வீடுகளும் உண்டு; அங்கே இதைச் செய்யாதீர்கள்.

8. ஆண்டின் மற்ற நாட்கள்

புத்தாண்டில் ஆப்பிளைத் தேனுக்குப் பதில் பேரீச்சைப் பாகில் தோய்க்கலாம். ‘பாலும் தேனும் ஓடும் நாடு’ என்பதில் உள்ள தேன் பேரீச்சைத் தேனே என்பது மரபான விளக்கம். அன்றைய அடையாள உணவுகளாகத் தால்முத் கூறும் சுரை, காராமணி, லீக், பீட்ரூட் கீரை, பேரீச்சை ஐந்தும் தாவரங்கள். மீன் தலைக்குப் பதில் முழு முட்டைக்கோசோ பூண்டோ வைத்து, ‘வாலாகாமல் தலையாகுக’ என்று சொல்வார்கள். ஷாவுவோத்துக்கு முந்திரியில் சீஸ்கேக். விளக்குத் திருநாளான ஹனுக்காவின் உருளைக்கிழங்கு அடைக்கு முட்டை தேவையே இல்லை: துருவலைப் பிழிந்த நீரின் அடியில் படியும் மாச்சத்தைத் திரும்பச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும்.

9. மாத்திரையும் மேசையும்

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைக்காது; மாத்திரை கட்டாயம். ஜெலட்டின் உறை இல்லாததையும் கோஷர் ஏற்புள்ளதையும் ஒரே பாட்டிலில் தேட வேண்டும் என்பதால் மருத்துவரிடம் அளவு கேட்ட கையோடு வாங்கிவையுங்கள்.

இறைச்சி உண்பவர்கள் அமரும் மேசையில் வீகன் பால், வீகன் சீஸ் வைத்தால், பார்ப்பவர் தவறாக எண்ண இடமுண்டு. பாதாம் பாலில் இறைச்சி சமைத்தால் பக்கத்தில் சில பாதாமை வைக்க வேண்டும் என்று, 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த ரப்பி மோசே இசர்லஸ் எழுதிவைத்திருக்கிறார். இன்று அச்சிட்ட அட்டைப் பெட்டியே அந்த வேலையைச் செய்யும். ஆகவே பாலை அழகான கூஜாவில் மாற்றி ஊற்றாமல், பெட்டியோடு, பெயர் வெளியே தெரியும்படி மேசையில் வையுங்கள். கூஜாதான் வேண்டும் என்று வீட்டம்மா சொல்லும் நாளில், நான் ஒரு கிண்ணம் பாதாமை அதன் அருகே வைத்துவிடுகிறேன்.